ஒரு கறுப்பு அவரைவிதை

ஜூன் 3, செவ்வாய்

கல்லூரி திறக்க இன்னும் பதின்மூன்று நாள். மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. மாடிக்கும் கீழுக்குமாக ஆறு முறை ஏறி இறங்கிவிட்டேன். மெக்கானிக் காலை எட்டு மணிக்கு, "இந்தா வந்துட்டேன் சார்" என்றான். இப்போது மாலை ஐந்து.

சென்னைப் பதிப்பகத்திலிருந்து ரெஜினா கூப்பிட்டாள். ஆங்கில மரபுத்தொடர் அகராதி முழுவதும் தயாராம். நான் எழுத வேண்டிய எஸ் வரிசைதான் நிற்கிறதாம். 'ஸ்பில் த பீன்ஸ்', அதாவது பீன்ஸைக் கொட்டுவது, ரகசியத்தை வெளியே விடுவது. அதற்கு நான் எழுதிய தோற்றக் கதையை அவள் ஏற்கவில்லை.

கதை இதுதான். பழைய கிரேக்கத்தில் ஒரு சங்கத்தில் புதிதாக ஒருவரைச் சேர்க்கலாமா என்று உறுப்பினர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஜாடிக்குள் ஆளுக்கொரு அவரைவிதை. வெள்ளை போட்டால் சம்மதம், கறுப்பு போட்டால் வேண்டாம். ஒரே ஒரு கறுப்பு விதை இருந்தாலும் ஆள் வெளியே. யார் போட்டது என்று யாருக்கும் தெரியாது. எண்ணுவதற்கு முன்னால் எவனாவது ஜாடியைத் தட்டிக் கொட்டிவிட்டால் எல்லாம் அம்பலம்.

"கதை அழகா இருக்கு சார். ஆதாரம் இருக்கா?" என்றாள். அவளுக்கு இருபத்தாறு வயது இருக்கும். முப்பது வருடம் ஆங்கிலம் கற்பித்தவனிடம் ஆதாரம் கேட்கிறாள்.

ஜூன் 4, புதன்

மெக்கானிக் வந்தான். வாஷர் போயிருக்கிறது. 'முன்னாடியே பாத்திருக்கலாமே சார்' என்று எனக்குப் புத்தி சொன்னான்.

ஜூன் 5, வியாழன்

என் மனைவி நாயகி, கோயிலுக்குப் போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"ஆவுடையப்பன் சார் மக பகவதிக்கு மாப்பிள்ளை பாத்தாச்சாம். அம்பாசமுத்திரம். மின்வாரியத்துல இஞ்சினியர். ஆவணியில கல்யாணம் வைக்கணும்னு பேச்சு."

நான் செய்தித்தாளை மடித்தேன். மறுபடி விரித்தேன்.

ஆவுடையப்பன் எங்கள் துறைத்தலைவர். என்னைவிடப் பதினொரு நாள் சீனியர். அந்தப் பதினொரு நாளும் என் நியமன உத்தரவு பழைய முகவரிக்குப் போய்ச் சுற்றிய நாட்கள். முப்பது வருடமாக அவர் நாற்காலியில், நான் பெஞ்சில். அதைக்கூட விட்டுவிடலாம். ஏழு வருடத்துக்கு முன்னால் என் மகள் வடிவுக்குத் தென்காசியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கல்லூரியில் வந்து விசாரித்தார்கள், ஆவுடையப்பன் அறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். நான் கண்ணால் பார்த்தேன். பூ வைத்து நிச்சயம் செய்ய நாளும் குறித்தாயிற்று. பத்தாம் நாள் "ஜாதகம் சரியில்லை" என்று போன். முதலில் சரியாக இருந்த ஜாதகம்.

வடிவுக்கு இப்போது முப்பத்தொன்று. ஓசூரில் வேலை பார்க்கிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுகிறாள். அம்மாவிடம்தான் பேசுவாள். என்னிடம் பேச அவளுக்கு நேரம் கிடைப்பதில்லை.

ஜூன் 6, வெள்ளி

காலை பத்து மணிக்குத் தெரியாத எண்.

"சார்வாள், அம்பாசமுத்திரத்துல இருந்து திரவியம் பேசுதேன். மாப்பிள்ளைப் பையனுக்குத் தாய்மாமன். பகவதின்னு ஒரு பிள்ளை, உங்ககிட்டதான் படிச்சிருக்காம். அது விஷயமா பதினஞ்சாம் தேதி, ஞாயித்துக்கிழமை, உங்களை வந்து பாக்கலாமா?"

"வாங்க" என்றேன்.

ஊரில் இத்தனை பேர் இருக்க என்னிடம் எதற்கு வருகிறார்கள் என்று வீட்டுக்குள் நடந்துகொண்டே யோசித்தேன். நடை நிற்கவில்லை. நாயகி, "உக்காருங்க, தலை சுத்துது எனக்கு" என்றாள்.

எழுதிவைக்கிறேன், யாரும் படிக்கப் போவதில்லை. ஐந்து வருடத்துக்கு முன்னால், இரண்டாம் ஆண்டு வகுப்பில், அந்தப் பெண் பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தாள். கை கால் இழுத்துக்கொண்டது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வலிப்பு, மாத்திரை போட்டால் கட்டுக்குள் இருக்கும் என்றார் டாக்டர். ஆவுடையப்பன் அன்று மதுரையில் விடைத்தாள் திருத்தும் முகாமில். மாலை ஆறு மணிக்கு வந்து சேர்ந்தார். வார்டு வாசலில் என் கையைப் பிடித்தார். "இது வெளிய போகக்கூடாது" என்றார். நன்றி இல்லை. கூடாது என்று உத்தரவு.

நானும் யாரிடமும் சொல்லவில்லை. அவருக்காக இல்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இப்போது கேட்கப் போகிறார்கள்.

ஜூன் 7, சனி

சிலிண்டர் வந்தது. மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடலாம் என்று தரகரிடம் மறுபடி சொல்லிவைத்தேன். நம் ஊரில் வீடு பார்க்க வருகிறவர்களுக்கு வெட்கமே இல்லை. வருவார்கள், ஒரு மணி நேரம் உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள், குழாயைத் திறந்து பார்ப்பார்கள், நம் வாயிலிருந்து வீட்டுக் கதை முழுவதும் கேட்டுக்கொள்வார்கள். பிறகு ஆளே தென்பட மாட்டார்கள். தென்காசியிலிருந்து மாற்றலாகி வந்தேன் என்று ஒருவன் வந்தானே, அவனைப் போல.

ஜூன் 9, திங்கள்

நேற்று எழுதவில்லை. இன்றும் எழுத வேண்டாம் என்றிருந்தேன்.

நேற்றுப் பகலில் நாயகி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, திரவியம் வரப்போவதைச் சொன்னேன். அந்தப் பெண்ணின் வலிப்பையும் சொன்னேன். ஐந்து வருடத்தில் முதல் தடவை. அவள் கீரையை விட்டுத் தலை தூக்கவில்லை.

"என்ன சொல்லப் போறீங்க?"

"உள்ளதைச் சொல்லப் போறேன். நான் என்ன இட்டுக்கட்டியா சொல்லுதேன்? என் மகளுக்கு அவர் செஞ்சாரு. இப்ப ஜாடி என் கையில."

"அவர் ஒண்ணும் செய்யல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

"யாரு செஞ்சா அப்ப?"

அவள் காம்புகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள்.

"மாடி வீடு கேட்டு ஒருத்தர் வந்தாரே, ஞாபகம் இருக்கா? வெள்ளைச் சட்டை, வழுக்கை. நிச்சயத்துக்கு ரெண்டு வாரம் முன்னால."

"வந்தான். அதுக்கென்ன?"

"'வீட்டுல யாரு யாரு சார்'னு கேட்டாரு. நீங்க சொன்னீங்க. 'ஒரு மக இருக்கா. வாய் அதிகம். நினைச்சது நடக்கலைன்னா மூணு நாள் பட்டினி கிடப்பா. டெல்லிக்கு வேலைக்குப் போவேன்னு நின்னா, நான் விடல. கதவைச் சாத்திக்கிட்டா. டாக்டரைக் கூட்டிட்டு வந்து தூக்க மாத்திரை கொடுக்க வேண்டியதாப் போச்சு. கட்டிக்கொடுத்துத் தொலைச்சாப் போதும்னு இருக்கு.' அடுக்களையில நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."

"வீடு பாக்க வந்தவன்கிட்ட ஏதோ பேசினேன். அதுல என்ன?"

"அவர் வீடு பாக்க வரலைங்க. மாப்பிள்ளைக்குச் சித்தப்பா."

இப்படி விசாரிக்கிற வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. என் தம்பிக்குப் பெண் பார்த்தபோது நானே ஒரு தெருவில் பழைய பேப்பர் விலை விசாரிப்பதுபோல் நின்று விசாரித்திருக்கிறேன்.

"உனக்கு யாரு சொன்னா?"

"கல்யாணத் தரகர் சொன்னாரு. ஜாதகம்னு போன் வந்த மறுநாள். 'பெத்த தகப்பனே இப்படிச் சொன்னா நாங்க எப்படிம்மா எடுக்க'ன்னு கேட்டாங்களாம்."

"ஏழு வருஷமா ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க யாரைத் திட்டுவீங்க?"

கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

'ஸ்பில் த பீன்ஸ்' பற்றி ரெஜினாவுக்கு எழுத வேண்டியவை:

ஆங்கிலத்தில் 'கொட்டுதல்' என்ற வினைக்கு ரகசியத்தை வெளியிடுதல் என்ற பொருள் பதினாறாம் நூற்றாண்டிலேயே உண்டு. பீன்ஸ் வந்து சேர்ந்தது மிகவும் பிந்தி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்கச் செய்தித்தாள்களில். அதுவும் முதலில் ரகசியத்தைக் குறிக்கவில்லை. பந்தயத்தில் யாரும் எதிர்பாராத குதிரை ஜெயித்து எல்லாருடைய கணிப்பையும் கெடுத்தால், பீன்ஸைக் கொட்டிவிட்டது என்றார்கள். காரியம் கெட்டுப்போவது என்றுதான் அர்த்தம். பிறகே, வாயை விட்டுக் காரியத்தைக் கெடுப்பவனுக்கு அது பொருந்தியது. கிரேக்க ஜாடிக்கும் இதற்கும் இடையில் இரண்டாயிரம் வருடம் சும்மா கிடக்கிறது. ரெஜினா ஆதாரம் கேட்டது நியாயம்.

தமிழில் எதைப் போடுவது? 'குட்டை உடைத்தான்', 'போட்டு உடைத்தான்' இரண்டிலும் வேண்டுமென்று செய்தது தெரிகிறது. கொட்டுவது அப்படி இல்லை. கை தட்டிக் கொட்டியிருக்கலாம். கொட்டியவனுக்கே தெரியாமலும் இருக்கலாம்.

இதற்கு மேல் இன்று ஓடவில்லை.

ஜூன் 11, புதன்

மாடியைப் பெருக்கினேன். தண்ணீர் விட்டுக் கழுவினேன். நாயகி வந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

ஜூன் 12, வியாழன்

தென்காசி பஸ்ஸில் ஏறினேன். பாதி வழியில் ஆலங்குளத்தில் இறங்கி, டீ குடித்துவிட்டு, எதிர்ப்பக்கம் நின்று திரும்பி வந்தேன். சாரல் காற்று. எதற்குப் போனேன் என்று எழுத வேண்டியதில்லை.

ஆனாலும் ஒன்று. ஆவுடையப்பன் அறையில் அன்று அரை மணி நேரம் உட்கார்ந்தவர்களிடம் அவர் என்ன சொன்னார்? நல்லபடியாகத்தான் சொல்லியிருக்கிறார் என்று நாயகி சொல்கிறாள். 'அந்த சார் சொன்னதை நம்பித்தான் நாள் குறிச்சோம்' என்று தரகரிடம் சொன்னார்களாம். இருக்கலாம். அதற்காக அந்தப் பதினொரு நாள் சரியாகிவிடாது.

ஜூன் 13, வெள்ளி

மாவட்ட நூலகத்தில் அகராதிப் பகுதியில் உட்கார்ந்திருந்தேன். எதிரில் யாரோ வந்து நின்றார்கள். பகவதி. நூல் சேலை, தோளில் பை. முன்னைக்கு இளைத்திருக்கிறாள்.

"நல்லா இருக்கீங்களா சார்?"

"இருக்கேன். உங்கப்பா அனுப்பினாரா?"

"ஐயோ, அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னுடுவாங்க. நீங்க வெள்ளிக்கிழமை இங்க வருவீங்கன்னு தெரியும். அதான் வந்தேன்."

உட்காரச் சொன்னேன். பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் வாரை முறுக்கினாள்.

"அவங்க மாமா உங்களைப் பாக்க வாராங்களாமே."

"வாராரு."

"நான் மாப்பிள்ளைகிட்ட சொல்லிட்டேன் சார். போன வாரமே. போன்ல. எனக்கு இப்படி இருக்கு, மாத்திரை சாப்பிடுதேன், நாலு வருஷமா வரலன்னு. அப்பா அம்மாகிட்ட கேக்கல, நானாச் சொன்னேன்."

நான் எதிர்பார்க்கவில்லை. "என்ன சொன்னான்?"

"மாத்திரை பேர் கேட்டாரு. மறுநாள் டாக்டர் ஒருத்தர்கிட்ட விசாரிச்சுட்டுக் கூப்பிட்டாரு. 'எனக்குச் சரி. எங்கம்மாவுக்கும் மாமாவுக்கும் நான் பிறகு பக்குவமாச் சொல்லிக்கிடுதேன். இப்ப சொன்னா சாமியாடிருவாங்க'ன்னாரு."

"அப்ப என்னை என்ன செய்யச் சொல்லுதே? பொய் சொல்லவா?"

"இல்ல சார். நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு காலேஜுக்கே தெரியும். எங்களுக்கெல்லாம் மார்க்குல காட்டியிருக்கீங்க." சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "கட்டிக்கப் போறவருக்குத் தெரியும். அது உங்களுக்குத் தெரியாம இருக்கக்கூடாதுன்னு தோணுச்சு. அதுக்கு மேல உங்க இஷ்டம்."

எழுந்தவள் நின்றாள்.

"அன்னைக்கு ஆட்டோல பாதியிலயே எனக்கு முழிப்பு வந்துருச்சு சார். என் செருப்பை ரெண்டையும் நீங்க மடியில வெச்சுக்கிட்டு, 'ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லம்மா'ன்னு வழி பூரா சொல்லிக்கிட்டே வந்தீங்க. நான் வெக்கப்பட்டுக் கண்ணைத் திறக்கல."

செருப்பு விஷயம் எனக்கு நினைவில்லை. ஏதோ ஒரு அவசரத்தில் எடுத்திருப்பேன்.

ஜூன் 14, சனி

பேசாமல் இருந்துவிடலாம் என்று காலையில் முடிவு செய்தேன். 'எனக்கு அவ்வளவாகத் தெரியாது' என்றால் தீர்ந்தது, பொய்யும் இல்லை, துரோகமும் இல்லை. மதியத்துக்குள் அது உடைந்துவிட்டது. விசாரிக்க வந்தவனுக்கு மௌனம் என்பது கறுப்பு விதை. 'எதுக்கும் நல்லா விசாரிச்சுக்கிடுங்க' என்று யாராவது சொன்னால் நம் ஊரில் சம்பந்தம் அங்கேயே முடிந்தது. ஒரு இருமல் போதும். வெள்ளையை எடுத்து எல்லாரும் பார்க்கப் போட வேண்டும், அல்லது கறுப்பு. கையை மடக்கிக்கொண்டு உட்கார இதில் இடமில்லை.

ரெஜினாவுக்கு அனுப்பிவிட்டேன். கிரேக்கக் கதை பரவலாகச் சொல்லப்படுகிறது, ஆதாரம் இல்லை என்று எழுதினேன். "சூப்பர் சார்" என்று பதில் வந்தது. சூப்பராம்.

நாயகி என்ன சொல்லப் போகிறீர்கள் என்று மறுபடி கேட்கவில்லை. கேட்டால் சண்டை போடலாம்.

ஜூன் 15, ஞாயிறு

பதினொன்றே காலுக்கு வந்தார். கனத்த ஆள், மல் வேட்டி, கையில் ஒரு பை மாம்பழம். உட்கார்ந்ததும் சுற்றிச் சுவரையெல்லாம் பார்த்தார். நான் முந்திக்கொண்டு, "வீடு வாடகைக்குப் பாக்க வந்த மாதிரி வரலையே, நேரா வந்துட்டீங்க" என்றேன்.

"அதெல்லாம் பழைய காலம் சார்வாள். ஒளிஞ்சு ஒளிஞ்சு விசாரிச்சா ஒண்ணு கிடக்க ஒண்ணு காதுல விழும். நான் வேற மாதிரி. வேண்டாதவங்க யாருன்னு பாத்து அவங்ககிட்ட நேராப் போயிருவேன். உங்களுக்கும் ஆவுடையப்பன் சாருக்கும் ஆகாதாமே."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லல? காலேஜ் வாசல்ல டீக்கடைக்காரன் சொல்லுதான். வேண்டியவன் நல்லதைத்தான் சொல்லுவான். அதை வெச்சு என்ன செய்ய?"

அதற்காகத்தான் என்னிடம் வந்திருக்கிறார். முப்பது வருடப் பகை டீக்கடை வரை போய் ஒரு நற்சான்றிதழாகத் திரும்பி வந்திருக்கிறது.

"ஆவுடையப்பனைப் பத்திச் சொல்லணும்னா சாயங்காலம் வரைக்கும் சொல்லுவேன்" என்றேன். சொன்னேன். நாற்காலி ஆசை, நன்றி கெட்டதனம், கால அட்டவணையில் எனக்குச் செய்த அக்கிரமம், ஒரு இலக்கணப் பிழைகூட இல்லாமல் அவரால் ஒரு சுற்றறிக்கை எழுத முடியாதது. திரவியம் ரசித்துக் கேட்டார். இரண்டு தடவை தொடையைத் தட்டிச் சிரித்தார். பொய் ஒன்றுகூடக் கிடையாது அதில்.

"சரி, பிள்ளை எப்படி?"

"பிள்ளை தங்கம். அந்த வீட்டுல எப்படிப் பிறந்துச்சுன்னு தெரியல. எது சொல்லணுமோ அதைச் சொல்ல வேண்டிய ஆள்கிட்ட நேராச் சொல்லுற தைரியம் உண்டு. எனக்கே கிடையாது."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? மெலிஞ்ச பிள்ளையா இருக்கு. கூடப் படிச்ச ஒருத்தி ஏதோ மயக்கம்னு..."

நான் யோசித்தால் அதுவே பதில் என்று தெரியும். யோசிக்கவில்லை.

"கூடப் படிச்சவளுக்கு என்ன தெரியும்? மூணு வருஷம் பாடம் எடுத்தவன் நான் சொல்லுதேன். அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் கிடையாது. தாராளமா முடிங்க."

திரவியம் என் முகத்தைப் பார்த்தார். கால் விரல்களை நான் மடக்கிக்கொண்டேன்.

"தகப்பனை இந்தக் கிழி கிழிக்கிற வாய் மகளை ஒரு சொல் சொல்லல. எனக்கு இது போதும் சார்வாள்."

அவரை வாசல்வரை போய் அனுப்பிவைத்தேன். அப்பட்டமான பொய்யை ஒரு மனுஷன் முகத்தைப் பார்த்துச் சொன்னது என் நினைவில் இதுதான் முதல் தடவை. நாளைக்கு மருமகன் விஷயத்தைச் சொல்லும்போது திரவியம் என்னைத்தான் திட்டுவார். திட்டட்டும்.

ஜூன் 16, திங்கள்

கல்லூரி திறந்தது. ஆவுடையப்பன் கால அட்டவணையை நீட்டினார். வாரம் மூன்று நாள் எனக்குக் கடைசி மணி, மூன்றாவது மாடி. ஒரு மாற்றமும் இல்லை. நீட்டிய தாளை அவர் சற்று நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சுது. ஆவணி பத்துக்கு மேல" என்றார். "சந்தோஷம்" என்றேன். அவ்வளவுதான். மூன்றாவது மாடி ஏறும்போது மூச்சு வாங்கியது. படிக்குப் படி அவரை வைதுகொண்டே ஏறினேன்.

ஜூன் 22, ஞாயிறு

காலையில் வடிவு கூப்பிட்டாள். என் எண்ணுக்கு. அம்மா குளிக்கிறாள் என்றேன்.

"தெரியும்ப்பா. உங்களைத்தான் கூப்பிட்டேன். பகவதிக்கு நல்லாச் சொன்னீங்களாமே. அம்மா சொன்னா."

"ஆமா."

"நல்லது" என்றாள். வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"வடிவு, அந்தத் தென்காசிக்காரங்க விஷயம்." நான் எழுந்து நின்றுவிட்டேன். "அதை யாரும் கெடுக்கல. வீடு பாக்க வந்தவன்கிட்ட நான் பேசினேன். உன்னைப் பத்தி. கண்டபடி."

அந்தப் பக்கம் மிக்ஸி ஓடுகிற சத்தம். யாரோ அணைத்தார்கள். அவளேதான் இருக்கும், தனியாகத்தானே இருக்கிறாள்.

"தெரியும்ப்பா" என்றாள்.

"எப்போ இருந்து?"

"அப்போ இருந்து."

"ஏன் கேக்கல நீ? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"வைக்கட்டுமாப்பா?"

"வைக்காதே."

வைக்கவில்லை. அவள் மூக்கை உறிஞ்சுவது ஒரு தடவை கேட்டது. பிறகு ஏதோ பாத்திரத்தை நகர்த்தினாள். எல்லாம் முடிந்து பார்த்தபோது பதினெட்டு நிமிடம் என்று போன் காட்டியது. அதில் பேசியது இரண்டு நிமிடம் இருக்கும்.